அமுக்கினால் அமுங்காத ஊர்கள்

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த கவியா என்னைக் கூப்பிட்டுத் தன் திரையைக் காட்டினாள். தாலுகா, ஊர் என்று பிரித்துக் காட்டும் ஒரு டிராப்டவுன் மெனு வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவிடம் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் அது முழுவதையும் எழுதி முடித்துவிட்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

“விஜயாக்கா, இந்த மெனுவுக்கா நீங்களும் வரதராஜ் சாரும் அன்னூருக்கெல்லாம் போய் அலைஞ்சீங்க?” என்றாள்.

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. என் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து வந்தார்கள். சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நானே சிரித்துக் கதையைக் கெடுத்துவிட்டேன். “வாயால சொன்னா உங்களால முடியாதுக்கா, எழுதிக் குடுங்க” என்று கவியா சொல்லிவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் எழுத்தில் அது யாருக்கும் கேட்காது.

நான் பல்லடத்துக்காரி. வீட்டில் விசைத்தறி. கணிதத்தில் பட்டம் வாங்கியதும் காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். முதலில் படித்தேன், பிறகு அங்கேயே பாடம் நடத்தினேன். கீழே தள்ளுபடி விற்பனைக்கு மைக்கில் கத்துவார்கள், மேலே நான் வலைப்பக்கம் எழுதுவது எப்படி என்று கத்துவேன். அந்தக் குரல்வளத்தோடு பீளமேட்டில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

அங்கே எனக்கு மேலதிகாரி வரதராஜ் சார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். வெளியில் அவர் பேசும் தமிழில் ‘ங்க’ இல்லாத வாக்கியமே இருக்காது. மனிதர்களிடம் மட்டுமல்ல, கம்ப்யூட்டரிடமும் அப்படித்தான். இயந்திரம் நின்றுபோனால் நாங்கள் எல்லாம் மேசையைத் தட்டுவோம். அவர் குனிந்து, “ஏனுங்க, என்னாச்சுங்க? ஒருக்கா எந்திரிங்களே” என்பார். அது எழுந்தும்விடும். எப்படி என்று கேட்காதீர்கள்.

நாம் எழுதிய நிரலை அவர் திரையில் பார்க்கவே மாட்டார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, “படிச்சுக் காட்டுங்க அம்மணி, கேக்கறேன்” என்பார். வரி வரியாக, அது என்ன செய்கிறது என்று தமிழில் கதை போலச் சொல்ல வேண்டும். எங்கேயாவது நம் குரல் இறங்கினால் கண்ணைத் திறப்பார். பிழை அநேகமாக அங்கேதான் இருக்கும்.

நான் முதன்முதலில் செய்த தொகுப்பு மெனு, பம்ப் செட் உதிரிபாகம் விற்கும் ஒருவருக்காக. வலைப்பக்கத்தில் ஒரு பெட்டியைத் தொட்டால் கீழே ஒரு வரிசை விரியும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம் அல்லவா? வரிசை நீளமாகிவிட்டால் நடுநடுவே தலைப்பு போட்டுப் பிரித்துவிடுவோம். ‘மோட்டார்’ என்று தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு, அதன் கீழே மோட்டார் சாமான்கள். ‘வால்வு’ என்று ஒரு தலைப்பு, அதன் கீழே வால்வுகள். தலைப்பை அமுக்க முடியாது, கீழே இருப்பதைத்தான் அமுக்கலாம். இவ்வளவுதான் தொகுப்பு மெனு.

நான் செய்ததில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தலைப்பு வந்துவிட்டது. மோட்டார், ஒரு சாமான், மறுபடி மோட்டார், இன்னொரு சாமான், மறுபடியும் மோட்டார். வரதராஜ் சார் வெகுநேரம் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க அம்மணி, பந்தியில ஒவ்வொரு எலைக்கும் ஒரு வாழைமரம் கட்டியிருக்கறீங்களே, விருந்துக்கு வர்ற ஒறம்பற எப்படிங்க உள்ள வருவாங்க?” என்றார். நான் சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது. தலைப்பு மாறும்போது மட்டும் புதுத் தலைப்பு போட வேண்டும். அதற்கு முதலில் சாமான்களை இனம் இனமாகச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குப் படித்ததை நான் மறக்கவே இல்லை. வேலை மேல் எனக்குப் பைத்தியம் பிடித்ததும் அன்றைக்குத்தான். கலைந்து கிடக்கிற ஒரு குவியல், நான் எழுதிய நாலு வரியில் தானாகப் போய்ப் பிரிந்து உட்காருகிறதே! வேறு எந்த வேலையில் இவ்வளவு குஷி கிடைக்கும்?

பல வருடம் கழித்து வந்ததுதான் மாட்டு வைத்தியர் விவகாரம்.

அன்னூர்ப் பக்கம் ஒரு தனியார் பால் நிறுவனம். தங்களுக்குப் பால் ஊற்றும் விவசாயிகளின் மாடுகளுக்காக ஒரு வண்டியும் ஒரு டாக்டரும் வைத்திருந்தார்கள். டாக்டர் பேர் செந்தில். போனில் கூப்பிட்டால் அவரால் எடுக்க முடியாது. “கை மாட்டுக்குள்ள இருக்கீல போனை எந்தக் கையிலீங்க எடுக்கறது?” என்பார். அதனால் யாரோ ஒருவரை வைத்து ஒரு வலைப்பக்கம் செய்திருந்தார்கள். பால் ஊற்றுகிறவர் தன் போனில் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்து, மாட்டுக்கு என்ன என்று எழுதி அனுப்பினால், அது வண்டியில் மாட்டியிருக்கும் டேப்லெட்டில் பெரிய மணிச் சத்தத்தோடு வந்து விழும். டிரைவர் வண்டியை அங்கே விடுவார்.

நல்ல யோசனைதான். ஆனால் ஊர்களையெல்லாம் ஒரே நீள வரிசையாகப் போட்டிருந்தார்கள். நம் பக்கத்தில் எத்தனை பாளையம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒரே பெயரில் தாலுகாவுக்கு ஒரு பாளையம்.

டாக்டர் செந்தில் ஒரு நாள் மதியம் நேராக எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கால்சட்டையெல்லாம் சேறு, நெற்றியில் சந்தனம்.

“கணபதிபாளையத்துல மாடு கன்னு போட முடியாம கெடக்குதுன்னு மணி அடிச்சுதுங்க. பறந்து போனேன். ஊட்டு முன்னாடி பந்தல். டாக்டர் வந்துட்டாரு, டாக்டர் வந்துட்டாருன்னு எல்லாரும் ஓடி வாராங்க. கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சு, ஒரு கொழந்தையக் கொண்டாந்து மடியில வெச்சுப்போட்டாங்க.”

“கொழந்தையவா?” என்றேன்.

“காதுகுத்துங்க! அவங்க காது குத்தறதுக்கு ஒரு டாக்டரை வரச் சொல்லியிருந்தாங்களாம். நான் மாட்டு டாக்டருங்கன்னு சொல்றேன், மாமன் ஊட்டுக்காரரு, எந்த டாக்டரா இருந்தா என்னங்க, காது காதுதானுங்களேங்கறாரு. கொழந்தை என் ஊசியப் பாத்துப்போட்டு அழுவுது. மாட்டு ஊசிங்க அது, நானா இருந்தாலும் அழுவேன்!”

வரதராஜ் சார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், தோள் குலுங்கச் சிரித்தார். ஆனால் டாக்டர் அடுத்துச் சொன்னதற்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மாடு கிடந்தது இன்னொரு கணபதிபாளையத்தில். அவர் விஷயம் புரிந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் ஊர்க்காரர்களே கன்றை இழுத்து எடுத்துவிட்டார்கள். கன்று பிழைத்தது. மாடு எழுந்து நிற்க நாளாயிற்று.

“இன்னொருக்கா இப்படி ஆனா வண்டியவே நிறுத்திப்போடறேன்னு மேனேஜர் சொல்லிட்டாருங்க. வண்டி நின்னா அந்தப் பக்கத்து மாடுகளுக்கு ஆளே இல்லீங்க” என்றார் டாக்டர். வேலை எங்களிடம் வந்தது.

நான் உற்சாகமாக ஒரு ஆடம்பர மெனு செய்தேன். தாலுகாவைத் தொட்டால் ஊர்கள் விரியும், ஊரைத் தொட்டால் அதற்குள் இருக்கும் தோட்டத்துச் சாலைகளும், அதாவது தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் வீடுகளும், காலனிகளும் விரியும். குட்டிக் குட்டி அம்புக்குறிகள் வேறு. அதை என் திரையில் விரித்து மூடி, விரித்து மூடி ஒரு நாள் முழுக்க விளையாடினேன்.

வரதராஜ் சார் ஒரு கயிற்றோடு வந்தார். நிஜமான மாட்டுக் கயிறு. ஒரு முனையை என் இடது கையில் கொடுத்து, “இது மாடுங்க. உடக் கூடாதுங்க. சோத்துக் கையில போன். இப்பத் தொடுங்க” என்று சொல்லிவிட்டு, மறுமுனையை அவரே பிடித்து இழுக்க ஆரம்பித்தார். அறுபதை நெருங்கிய மனிதர், வெள்ளைச் சட்டை இஸ்திரி கலையாமல், மாடு மாதிரி தலையை ஆட்டி ஆட்டி இழுக்கிறார். அலுவலகமே எழுந்து நின்று பார்க்கிறது. என் கட்டைவிரல் அம்புக்குறியைத் தேடுகிறது. வேறு தாலுகா விரிகிறது. மூடப் போனால் இன்னொன்று விரிகிறது. கடைசியில் நான் மேட்டுப்பாளையத்தில் போய் நின்றேன்.

“டாக்டரு இன்னைக்கு ஊட்டிக்கே போயிருவாருங்க” என்றார் சார், மூச்சிரைக்க.

அதனால் ஆடம்பரம் போயிற்று. போனுக்கு என்றே பிரவுசர் தரும் சாதா டிராப்டவுன்தான் என்று முடிவாயிற்று. அது பெரிய எழுத்தில், திரையின் அடியில், கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் எழும்பும். ஆனால் அதில் ஒரு சிக்கல். அது ஒரே ஓர் அடுக்குத் தலைப்பைத்தான் ஏற்றுக்கொள்ளும். எங்களிடம் இருந்த விவரமோ பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி: தாலுகா, அதற்குள் ஊர், அதற்குள் தோட்டத்துச் சாலை. தலைப்புக்குள் தலைப்பு வைத்தால், உள்ளே வருகிற தலைப்பைப் பார்த்ததுமே பிரவுசர் வெளித் தலைப்பை மூடிவிடும். ‘அன்னூர்’ என்ற தலைப்பு கீழே ஒன்றுமே இல்லாமல் அநாதையாக நிற்கும்.

இதுதான் நான் துள்ளிக் குதித்த இடம். தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் ஒரு சிறு நிரல் எழுதினேன். அது ஒரு பெட்டியைத் திறக்கும். உள்ளே இன்னொரு பெட்டி இருந்தால், வந்த வழியின் பெயரை எடுத்துக்கொண்டு மறுபடி தன்னையே கூப்பிட்டு அதையும் திறக்கும். எத்தனை அடுக்கு இருந்தாலும் அடிவரை போய்விட்டு, வந்த வழியெல்லாம் சேர்த்து ஒரே தலைப்பாக எழுதும்: ‘அன்னூர் – கணபதிபாளையம்’. அதன் கீழே அந்த ஊரின் தோட்டத்துச் சாலைகள். இன்னொரு தாலுகாவின் கணபதிபாளையம் தன் தாலுகா பெயரோடு தனியாக நிற்கும். இனிமேல் காதுகுத்துக்குப் போக வழியே இல்லை. சாருக்குப் படித்துக் காட்டினேன். குரல் எங்கும் இறங்கவில்லை. அவரும் கண்ணைத் திறக்கவில்லை. எங்களுக்குச் சோதிக்கக் கொடுத்த விவரத்தில் எல்லாமே சரியாக வந்தது.

சோதனை நாளன்று, நானும் சாரும் அன்னூருக்கு வெளியே ஒரு பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போனோம். சாயங்காலப் பால் வரும் நேரம். நிறுவனத்து மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முழு விவரத்தையும் அன்று காலைதான் ஏற்றியிருந்தார்கள். பால் ஊற்ற வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் ஊரைத் தேடி எடுத்துக் காட்டினார்கள். மேனேஜரின் கட்டிய கை மெல்ல அவிழ்ந்தது. எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போல இருந்தது.

அப்போது பாப்பாத்தி என்ற அம்மா வேகவேகமாக வந்தார். கையில் பால் இல்லை, போன்தான் இருந்தது.

“ஏனுங்க, மாடு பொழுதெறங்கறதுக்கு முன்னாடியிருந்து முக்குதுங்க. ஒரு காலு மட்டும் வெளிய தெரியுது. டாக்டரு போனை எடுக்க மாட்டேங்கறாரு. இதுல எங்கூரு பேரு தெரியுதுங்க, அமுக்கினா அமுங்க மாட்டேங்குதுங்க!”

வாங்கிப் பார்த்தேன். ‘அன்னூர் – செம்மேட்டுப்பாளையம்’ என்று தடித்த சாம்பல் எழுத்தில் ஊர் இருந்தது. அதன் கீழே ஒன்றுமே இல்லை. அடுத்த ஊரும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. அந்தப் பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ஊர்கள். தனியாகத் தோட்டத்துச் சாலையோ காலனியோ கிடையாது. பெட்டிக்குள் பெட்டி இல்லாத ஊர்களையும் என் நிரல் தலைப்பாக்கிவிட்டிருந்தது. தலைப்பை யார் அமுக்க முடியும்?

மேனேஜர் டாக்டருக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. டிரைவர் எண்ணும் அப்படியே. “ரெண்டு பேரும் வேறெங்கியோ ஒரு மாட்டுக்கிட்ட இருப்பாங்க. பக்கத்து ஊரையாவது அமுக்குங்களேன்” என்றார். பக்கத்து ஊரும் அமுங்காதே! அமுங்குகிற தூரத்து ஊரை அமுக்கினால் வண்டி நேராக அங்கேதான் போய் நிற்கும். அவர் கை மறுபடி கட்டிக்கொண்டது.

பாப்பாத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் அழவில்லை. போனை மட்டும் மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தார். அந்த விரலைப் பார்க்க என்னால் முடியவில்லை.

கவிழ்த்து வைத்திருந்த ஒரு பால் கேன் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். “சார், படிக்கட்டுங்களா?” என்றேன்.

“படிங்க” என்றார். அந்த ஈரத் தரையில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

“பெட்டியத் திறக்கறேன். உள்ள இருக்கறதை ஒவ்வொண்ணா எடுக்கறேன். எடுத்ததுக்குப் பேரைத் தலைப்பா போடறேன்...”

அவர் கண்ணைத் திறந்தார். “உள்ள ஒண்ணுமே இல்லாததுக்கும் போடறீங்களா?”

“போடறேனுங்க.”

“அது பெட்டியே இல்லீங்களே அம்மணி. அதுதானுங்களே சாமானு!”

ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தேன். இதற்குள் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் தலைப்பு. இல்லாவிட்டால், மேலே இருக்கும் தாலுகாத் தலைப்பின் கீழே, அமுக்கக்கூடிய ஊராகப் போய் உட்கார். இரண்டு வரிதான். அவசரத்தில் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்து, திரும்பிப் போய் மூடினேன்.

இனி அதைச் சர்வரில் ஏற்ற வேண்டும். அங்கே சிக்னல் ஒழுங்காக இல்லை. வரதராஜ் சார் தன் போனை ஹாட்ஸ்பாட் ஆக்கி, பெஞ்சின் மேல் ஏறி நின்று, கையை உயரத் தூக்கிக்கொண்டார். பால் ஊற்ற வந்த ஊரே அவரை அண்ணாந்து பார்த்தது. அவரோ யாரையும் பார்க்காமல், “ஏனுங்க, ஒரு உசுருங்க. ஒருக்கா ஏறிப்போடுங்க சாமி” என்று போனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஏறிவிட்டது. பாப்பாத்தி அம்மா பக்கத்தைப் புதுப்பித்து, ‘அன்னூர்’ தலைப்பின் கீழே தன் ஊரைத் தேடினார். சாம்பல் நிறம் போய்க் கறுப்பாக இருந்தது. அமுக்கினார்.

“அமுங்கிருச்சுங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் எடை போடுகிறவர் பாலைக் கொட்டிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் போன் அடித்தது. டிரைவர். “செம்மேட்டுப்பாளையம்னு மணி அடிச்சுதுங்க, கெளம்பிட்டோம். அன்னூர்ச் செம்மேட்டுப்பாளையம்தானுங்களே?” என்றார். “அதேதானுங்க, அதிலயே போட்டிருக்குதுங்களே!” என்று நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

பாப்பாத்தி அம்மாவை எங்கள் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். மேனேஜரும் தொற்றிக்கொண்டார். நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் வண்டி வந்துவிட்டது. டாக்டர் செந்தில் இறங்கி, வாசலில் பந்தல் எதுவும் இல்லையே என்று ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போனார். சட்டையைக் கழற்றிக் கையில் சோப்பைப் பூசிக்கொண்டு மாட்டின் பின்னால் மண்டியிட்டார். உள்ளே மடங்கியிருந்த இன்னொரு காலைத் தேடி நிமிர்த்துவதற்குள் அவருக்கு வேர்த்து ஊற்றியது. மாடு ஒரு முறை கத்தியது. கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்து, தும்மியது. நான் வரதராஜ் சாரின் கையைப் பிடித்து ஒரு குதி குதித்தேன். அவரும் குதித்தார்.

“கொஞ்சம் இருங்க, குதிக்காதீங்க” என்றார் டாக்டர். கை இன்னும் உள்ளேயே இருந்தது. முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு. “இன்னொண்ணு இருக்குதுங்க.”

இரண்டாவது கன்று தானாகவே வந்தது. இரண்டையும் மாடு மாறி மாறி நக்கியது. பாப்பாத்தி அம்மா அப்போதுதான் அழுதார். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாணி நெடி கண்ணைக் கரிக்கிறது என்றார். வண்டி நிற்காது என்றும் அங்கேயே சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு டாக்டரிடமிருந்து போன். எடுத்ததும் கத்தல்.

“என்னத்தைப் பண்ணி வெச்சிருக்கறீங்க? விடிஞ்சதுலேர்ந்து மணி அடிச்சு ஓயலைங்க!”

நான் லேப்டாப்பை இழுத்துத் திறந்துகொண்டேன். “எந்த ஊர்லேர்ந்துங்க டாக்டர்?”

“அமுங்காம இருந்துதுங்களே, அந்த ஊரு பூராவும்! மாட்டுக்கு என்னன்னு எழுதற எடத்துல என்ன எழுதியிருக்கறாங்க தெரியுமுங்களா? இருங்க, படிக்கறேன். ‘மாடு நல்லா இருக்குதுங்க டாக்டர். எங்கூரும் அமுங்குதான்னு பாத்தேனுங்க.’”